வீட்டைவிட்டு வெளியேறும்போது பூனை, நாயை எங்கே விடுவது? போர்டிங் சேவைகள் பற்றி ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரில் கணவரின் அடி உதை தாங்காமல் வீட்டைவிட்டுக் கிளம்ப நினைக்கும் பெண்களில் பலர், பூனையை அந்த ஆளிடம் விட்டுப் போக முடியாமல் தங்கிவிடுகிறார்கள். இது மிகை அல்ல. மிரட்டுவதற்கு அவர் முதலில் கையில் எடுப்பதே அந்த வாயில்லா ஜீவனைத்தான். இப்படி வெளியேறுபவர்கள் தற்காலிகமாகத் தங்கும் நெருக்கடிகால இல்லங்களிலோ பல குடும்பங்கள் சேர்ந்து வாழ்கின்றன. செல்லப்பிராணிக்கு இடம் இருக்கும் என்று எண்ணிக் கிளம்பாதீர்கள். வன்முறைக்கு எதிரான 1800-777-0000 உதவி எண்ணை (24 மணி நேரமும் உண்டு) அழைக்கும்போதே பூனை, நாய் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். இல்லத்தில் வழியில்லை, சொந்தபந்தமும் ஏற்கவில்லை என்றால் மிஞ்சுவது கட்டண போர்டிங், அதாவது பணம் கட்டிப் பிராணியை விட்டுவைக்கும் இடம்.

எங்கள் ஓட்டு ஏவிஎஸ் (விலங்குநல, கால்நடை மருத்துவ சேவை அமைப்பு) உரிமம் பெற்ற நிலையங்களுக்கே. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களிடம் பூனை நிம்மதியாக இருக்கும், உண்மைதான். ஆனால் கோபத்தோடு ஒருவர் கதவைத் தட்டினால் அங்கே தனி ஆள் என்ன செய்வார்? இன்னொன்று, தினமும் படம் எடுத்து இன்ஸ்டகிராமில் போடும் வழக்கம். ஒரே படத்தில் இடம் தெரிந்துவிடும். எங்கே விட்டாலும் “படம் வேண்டாம், பெயரும் வேண்டாம்” என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள்.

பெரிய குறை கட்டணம். விடுமுறைப் பயணத்துக்கான சேவை என்பதால் இரவுக் கணக்கில்தான் வாங்குகிறார்கள். இல்லத்தில் தங்குவது மாதக்கணக்கில் நீளலாம். மாதக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள்.

தடுப்பூசி அட்டை இல்லாமல் பெரும்பாலான இடங்களில் சேர்க்கமாட்டார்கள். அட்டை வீட்டில் மாட்டிக்கொண்டால் கிளினிக்கில் நகல் கேட்கலாம். தோலுக்கு அடியில் பதித்த மைக்ரோசிப்பின் அடையாள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சிக்கல் வருவது உரிமத்தில். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் 1 செப்டம்பர் 2024 முதல் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம், நாயைப் போலவே அவற்றுக்கும் உரிமம் உண்டு. அந்த உரிமம் கணவர் பெயரில் இருந்தால், “என் நாயைக் கொடு” என்று அவர் வந்து நிற்கும்போது நிலையம் திணறும். உங்கள் பெயரில் உள்ள மருத்துவ பில்களை முன்கூட்டியே காட்டுங்கள். யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, ஒரு ரகசியச் சொல்லும் வையுங்கள். அவசரத் தொடர்புக்கு வீட்டு எண் வேண்டாம். சமூக சேவையாளரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் ஏற்ற முடியாது என்பதால், செல்லப்பிராணிகளை ஏற்றிச் செல்லும் கிராப் செயலியின் கார் சேவையான கிராப்பெட்தான் வசதி. ஆனால் கணக்கையோ அட்டையையோ அவரும் பார்க்க முடிந்தால், இறங்கிய இடம் பயண வரலாற்றிலும் ரசீதிலும் அப்படியே இருக்கும். வேறொருவர் கணக்கில் பதிவு செய்யுங்கள். கழுத்துப்பட்டையில் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஏர்டேக் கருவி இருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

பூனைக் கூண்டைச் சில நாள் முன்பே திறந்து வைத்து, உள்ளே சோறு வையுங்கள். அவசரத்தில் பிடிக்கப் போனால் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும், பிறகு வராது.