ஹைப்பாதெசிஸ் டெஸ்ட் பயிற்சி: டேபிளா, சாஃப்ட்வேரா, சிமுலேஷனா?

ஸ்டாட்ஸ் முதல் கோர்ஸ்ல ஹைப்பாதெசிஸ் டெஸ்ட் (ஒரு அனுமானத்த டேட்டா வச்சு சோதிக்கறது) ஆரம்பிச்சதும் எல்லாருக்கும் வர்ற கேள்வி, இத எப்படி ப்ராக்டிஸ் பண்றது? கால்குலேட்டரும் டேபிளும் வச்சு கையால போடறதா, ஆர் (R), பைத்தான் மாதிரி சாஃப்ட்வேர்ல டேட்டாவ குடுத்து பி வேல்யூ வாங்கிக்கறதா (நல், அதாவது வித்தியாசம் எதுவும் இல்லங்கிற ஆரம்ப அனுமானம், உண்மையா இருந்தா இந்த அளவோ இதவிட அதிகமாவோ விலகின ரிசல்ட் வர்ற வாய்ப்புதான் பி வேல்யூ), இல்ல அந்த நல் உண்மைன்னு வச்சுகிட்டு கம்ப்யூட்டர்ல ஆயிரக்கணக்குல சாம்பிள் உருவாக்கிப் பாக்கற சிமுலேஷனா. மூணுலயும் நிறைய போட்டுப் பாத்துட்டுதான் சொல்றேன்: சராசரிக்கு கை, விகிதத்துக்கு சிமுலேஷன், சாஃப்ட்வேர் இந்த ரெண்டுக்கும் அப்புறம்.

சராசரிய எடுத்துக்கோங்க. சாம்பிள் சைஸ் 16, சராசரி 52, சாம்பிள்ல கெடச்ச ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 4, நல் சொல்ற சராசரி 50. ஸ்டாண்டர்ட் எரர், அதாவது 4ஐ 16ஓட வர்க்கமூலத்தால வகுத்தா, 1; 50லேந்து உள்ள வித்தியாசத்த அதால வகுத்தா டி மதிப்பு 2. ரெண்டு பக்க டெஸ்ட், 5% லெவல். இங்க இசட் டேபிளோட (நார்மல் வளைவோட) 5% எல்லை 1.96 மனசுல பதிஞ்சவங்க 2 அதவிட பெருசுதானேன்னு நல் அனுமானத்த ரிஜெக்ட் பண்ணிடுவாங்க, ஆனா பாப்புலேஷனோட டீவியேஷன் நமக்கு தெரியாது, சாம்பிள்லேந்து எடுத்துதான் போட்டிருக்கோம், அதனால டி டேபிள்ல டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (சாம்பிள் சைஸ்ல ஒண்ணு கொறச்சது) 15 உள்ள வரிசையப் பாக்கணும், அங்க இருக்கறது 2.131. ரிஜெக்ட் பண்ண முடியாது. வில்லியம் காசெட்ங்கிற ஸ்டாட்டிஸ்டீஷியன் 1908ல 'ஸ்டூடண்ட்'ங்கிற பேருல எழுதின கட்டுரை இந்த சின்ன சாம்பிள் சிக்கலுக்காகத்தான். விரல வச்சு அந்த வரிசையத் தேடும்போதுதான் இசட்டுக்கும் டிக்கும் உள்ள வித்தியாசம் மண்டையில ஏறுது. டேபிள்ல ஒரு குறை உண்டு, சரியான பி வேல்யூ கெடைக்காது, 0.05க்கும் 0.10க்கும் நடுவுலன்னு மட்டும்தான் சொல்ல முடியும். சாஃப்ட்வேர் 0.064ன்னு நேரா சொல்லிடும்.

இதே கணக்க சிமுலேஷன்ல போடலாமான்னா போடலாம், ஆனா ஆரம்பத்துல வேண்டாம். நல் சராசரி 50ன்னு மட்டும்தான் சொல்லுது, பாப்புலேஷன் என்ன ஷேப்னு சொல்லல. பூட்ஸ்ட்ராப் (கையில இருக்கற டேட்டாலேந்தே திரும்பத் திரும்ப சாம்பிள் எடுக்கறது) பண்ணனும்னா டேட்டா முழுசையும் 2 கொறச்சு சராசரிய 50க்கு கொண்டுவந்துட்டுதான் எடுக்கணும், புதுசா கத்துக்கறவங்க இத மறந்துட்டு 52 சுத்தியே சாம்பிள் எடுத்துட்டு எதுவும் புரியாம உக்காந்திருப்பாங்க.

விகிதம் வந்தா கதையே மாறுது. ஒரு காயின 100 தடவ சுண்டினதுல 60 தலை, காயின் சமமா இருக்கான்னு கேள்வி. கையால போட்டா ஸ்டாண்டர்ட் எரர் 0.05, இசட் 2, பி வேல்யூ 0.0455, ரிஜெக்ட். இப்ப கம்ப்யூட்டர்ல சமமான காயின 100 தடவ சுண்டற வேலைய 10,000 முறை செஞ்சு, 60ம் அதுக்கு மேலயும் இல்ல 40ம் அதுக்கு கீழயும் எத்தன முறை வந்துச்சுன்னு எண்ணுங்க. ஓட்டறப்பல்லாம் கொஞ்சம் மாறும், ஆனா 570ஐ ஒட்டி வரும், அதாவது பி வேல்யூ சுமார் 0.057. ரிஜெக்ட் இல்ல! ஒரே கணக்கு, ரெண்டு முடிவு. தலையோட எண்ணிக்கை முழு எண், நார்மல் வளைவு அப்படி இல்ல, 60ங்கிற கட்டம் 59.5லயே ஆரம்பிக்குது, அத சரிபண்ணிப் போட்டா இசட் 1.9, பி 0.0574ன்னு கையாலயும் அதே பக்கத்துக்கு வந்துடும். எதிர்பார்க்கிற எண்ணிக்கை 10க்கு மேல இருக்கணும்ங்கிற விதி இங்க தாராளமா பாஸ் (50 இருக்கே), அப்பவும் இந்த வித்தியாசம். விகிதத்துல சிமுலேஷன நான் தூக்கிப் பிடிக்க காரணம், நல் 0.5ன்னு சொன்னா வேற எதுவும் தெரியவேண்டியதில்ல, உடனே சுண்ட ஆரம்பிக்கலாம். பி வேல்யூன்னா நல் உண்மையா இருக்கறதுக்கான வாய்ப்புன்னு நெனைக்கற தப்பும் போயிடும், ஏன்னா நல் உண்மைன்னு வச்சுகிட்டு எண்ணினது நீங்கதான். ஆனா பரீட்சை விடைத்தாள்ல பெரும்பாலும் இசட் 2ன்னுதான் எதிர்பார்ப்பாங்க, அதையும் போடத் தெரிஞ்சிருக்கணும்.

சாஃப்ட்வேர ஏன் கடைசியில வச்சேன்னா, இதே 60 தலைய ஆர்ல வழக்கமான விகித டெஸ்ட்ல குடுத்தா 0.057, பைத்தான்ல ஸ்டாட்ஸ்மாடல்ஸ்ங்கிற லைப்ரரியோட விகித இசட் டெஸ்ட்ல எதையும் மாத்தாம குடுத்தா 0.041. ஆர் அந்த 59.5 திருத்தத்த தானா செஞ்சுடுது. ஸ்டாட்ஸ்மாடல்ஸ் ஸ்டாண்டர்ட் எரர்ல நல் சொல்ற 0.5க்கு பதிலா சாம்பிள்ல வந்த 0.6 போடுது, நாம கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல்லுக்கு போடற மாதிரி. 0.5தான் வேணும்னு சொல்லிட்டா 0.0455 வந்துடும். கையால போட்டுப் பழகினவங்களுக்கு இது ஒரு நிமிஷத்துல புரியும், மத்தவங்க எந்த நம்பர நம்பறதுன்னு தெரியாம முழிப்பாங்க. ரெண்டு குரூப் சராசரியிலயும் இப்படித்தான், ஆர் ரெண்டு வேரியன்ஸும் வேறன்னு எடுத்துக்கும், பைத்தானோட சைபை லைப்ரரி சமம்னு எடுத்துக்கும்.

மூணுமே கத்துக்குடுக்காத ஒண்ணு, எந்த டெஸ்ட்டுனு தேர்ந்தெடுக்கறது. அதுக்கு பாடத் தலைப்ப மறைச்சுட்டு கலந்து கட்டி கணக்கு போடுங்க. ஒரே ஆட்கள முன்னாடி பின்னாடி அளந்திருந்தா அது ஜோடி டெஸ்ட், ரெண்டு தனி குரூப் இல்லன்னு கண்டுபிடிக்கற பழக்கம் அங்கதான் வருது.