கான்வென்டில் மகளின் முதல் ஆண்டு

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிக்கும் பெண்பிள்ளையைக் கான்வென்டுக்கு அனுப்பலாமா என்று இந்த ஓர் ஆண்டில் நான்கு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். என் மூத்த மகள் 2025 பிப்ரவரியில் மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஒரு கான்வென்டில், அதாவது கன்னியாஸ்திரிகள் தொடங்கிய பெண்கள் பள்ளியில், படிவம் ஒன்றில் (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு) சேர்ந்தாள். டிசம்பரில் அந்த ஆண்டு முடிந்தது. பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. பிள்ளை இன்னும் அங்கேதான் படிக்கிறாள், குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 11. பள்ளி திறந்தது 17. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு பால்குடம் எடுத்து நடந்ததில் பிள்ளைக்குக் குதிகாலில் கொப்புளம். புதுக் கறுப்புக் காலணி சரியாக அதன்மேல் உரசியது. ஆறு ஆண்டு போட்ட கருநீலப் பினஃபோர் போய் நீலப்பச்சைப் பினஃபோர், நெற்றியில் சின்னதாக விபூதி, மோட்டார் சைக்கிளிலிருந்து நொண்டிக்கொண்டே இறங்கினாள். வாசலில் நின்ற பெரிய மாணவி ஒருத்தி, எங்களுக்கு முன்பின் தெரியாத சீனப் பிள்ளை, அவள் காலைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து காலணியைக் கழற்றி, தன் பையிலிருந்த பிளாஸ்டரை ஒட்டிவிட்டு, மறுபடி கயிற்றையும் கட்டிவிட்டாள். யாரும் சொல்லவில்லை, ஆசிரியர் யாரும் பக்கத்தில் இல்லை. நான் வேலைக்குப் போய்ச் சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

கான்வென்ட் என்றதும் நம்மவர்களில் பலர் அது சர்ச் நடத்தும் தனியார் பள்ளி, கட்டணம் அதிகம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் நாட்டில் உள்ள பழைய மிஷன் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசு உதவி பெறும் பள்ளிகள். நிலமும் கட்டடமும் பள்ளியைத் தொடங்கிய கிறிஸ்தவ சபைக்குச் சொந்தம். ஆசிரியர்களை அனுப்புவதும் சம்பளம் கொடுப்பதும் கல்வி அமைச்சு. பாடத்திட்டம் மற்ற இடைநிலைப்பள்ளிகளில் உள்ளதேதான், பயிற்று மொழி மலாய். தொடக்க உதவி நிதியான 150 வெள்ளியும் (ரிங்கிட்) மற்ற பிள்ளைகளைப் போலவே கிடைத்தது. சீருடை, காலணி, பயிற்சிப் புத்தகம், பெற்றோர் ஆசிரியர் சங்க நிதி எல்லாம் சேர்த்து முதல் மாதம் எங்களுக்குச் சுமார் 600 வெள்ளி ஆனது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்த சாதாரண இடைநிலைப்பள்ளியிலும் ஏறக்குறைய அதே செலவுதான்.

கட்டடம் சபையுடையது என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பழைய கட்டடம், பழைய கூரை. மழைக்காலத்தில் மாடிப்படி ஓரத்தில் வாளி வைக்கிறார்கள். கழிவறைக் கதவுகளில் பாதிக்குத் தாழ்ப்பாள் இல்லை. பழுதுபார்க்கிற பணத்தில் பெரும்பகுதியைப் பழைய மாணவிகளும் பெற்றோரும் திரட்ட வேண்டியிருக்கிறது. அதனால் ஆண்டு முழுக்கக் கூப்பன் விற்பனை, நன்கொடைக் கடிதம், கேண்டீன் டே. மாதச் சம்பளக்காரர்களுக்கு இது பாரம்தான். கூப்பன் விற்க முடியாத பிள்ளைகளை வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. போய்ச் சொன்னேன். அடுத்த முறை அப்படிச் செய்யவில்லை.

மற்றபடி, மகள் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து சொன்னதிலிருந்துதான் அந்தப் பள்ளியின் கதையே எனக்குத் தெரிந்தது. "அப்பா, உங்களுக்குத் தெரியுமா?" என்றுதான் தொடங்குவாள். 1852-இல் குழந்தை இயேசு சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் கப்பலில் பினாங்கு வந்து தொடங்கியதுதான் லைட் ஸ்திரீட் கான்வென்ட். பிறகு தீவில் உருவான மற்ற கான்வென்டுகளுக்கு அதுதான் தாய். பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் காலத்து வீடு அந்த வளாகத்துக்குள்ளே இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் அங்கே அடைக்கப்பட்ட அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் வீரர்கள் வகுப்பறைச் சுவரில் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். செயின்ட் ஜார்ஜஸ் பெண்கள் பள்ளி 1885, கோலாலம்பூரில் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1896, புக்கிட் நானாஸ் கான்வென்ட் 1899 என்று வரிசையாக ஒப்பித்தாள். ஊரில் பெண்ணைப் படிக்க அனுப்புவதே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. என் அப்பாயி அந்தக் காலத்துக்கு எவ்வளவோ பின்னால் பிறந்தவர், ஆனாலும் கைநாட்டுதான். இதை மகளிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் வந்தாள்.

அந்தச் சபையின் சின்னத்தில் ஒரு பக்கம் திறந்த வேதப் புத்தகம், மறுபக்கம் நூல் நூற்கும் கதிர், அதில் சுற்றிய ஜெபமாலை. கதிர் எதற்கு என்று கேட்டேன். "ஜெபமாலை ஜெபம், கதிர் வேலை. ரெண்டும் சேர்ந்து இருக்கணுமாம்ப்பா" என்றாள். 'நற்பண்பில் எளிமை, கடமையில் உறுதி' என்பது அவர்கள் சுலோகம். அந்தக் கதிர்தான் இந்த ஓர் ஆண்டில் நான் கண்ணால் பார்த்தது.

பெண்பிள்ளைகள் மட்டும் படிக்கிற பள்ளியில் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: 'நீ விடு, பையன்கள் செய்யட்டும்' என்று சொல்ல அங்கே ஆளே இல்லை. அவள் படித்த தமிழ்ப்பள்ளியை நான் குறை சொல்லவில்லை, அங்கேதான் அவள் எழுதவும் பேசவும் கற்றாள். ஆனால் விழா என்றால் நாற்காலி தூக்குவது, கொட்டகைக் கயிறு கட்டுவது, மைக் பிடிப்பது எல்லாம் பையன்கள். பெண்பிள்ளைகளுக்குக் கோலம், வரவேற்பு, பன்னீர்ச் செம்பு. இங்கே 300 நாற்காலியையும் மண்டபத்துக்குத் தூக்கிப் போகிறவர்கள் அவர்கள்தான். அணிவகுப்பில் குரல் கொடுப்பதும், விளையாட்டுப் போட்டியில் கோடு போடுவதும், மேசைக்கு ஆணி அடிப்பதும் அவர்களே. முதல் மாதம் கைகால் வலி என்று வந்தாள். ஜூன் மாதம் வீட்டில் கேஸ் தோம்பு தீர்ந்தபோது அவளாகவே கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். என் மனைவி என்னைப் பார்த்தார்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மகள் ஒலிபெருக்கிக் குழுவில் சேர்ந்தாள். காலை ஒன்றுகூடலுக்கு மைக் வைப்பது, பாட்டுப் போடுவது, வயர் சுருட்டுவது அவர்கள் வேலை. ஆசிரியர் தினத்துக்கு இரண்டு நாள் முன்பு வீட்டுக்கு வந்தவள் முகம் வாடிப் போயிருந்தது. மடிக்கணினியிலிருந்து பாட்டுப் போட்டால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல், பாட்டு நின்றாலும் அது நிற்பதில்லை. பெரிய மாணவிகள் வயர் மாற்றிப் பார்த்துவிட்டார்களாம், போகவில்லை. நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். பதிலை நேராகச் சொல்லாமல், "கம்ப்யூட்டரோட சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தியாம்மா?" என்று மட்டும் கேட்டேன். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு, நான் ஷிப்டில் இருக்கும்போது, மனைவி போனிலிருந்து குரல் செய்தி: "அப்பா! நின்னுடுச்சி! சார்ஜரை எடுத்தா நின்னுடுது, போட்டா வருது. ஏன்ப்பா?"

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் தாள் எடுத்து வரைந்து காட்டினேன். சார்ஜர் ஒரு பிளக்கில், ஆம்பிளிஃபையர் மண்டபத்தின் மறுகோடியில் இன்னொரு பிளக்கில். இரண்டுக்கும் தனித்தனி எர்த். பாட்டு வயர் அந்த இரண்டையும் இணைத்து ஒரு வளையம் ஆக்கிவிடுகிறது. அந்த வளையத்தில் ஓடும் கரண்ட்தான் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாகக் கேட்கிறது. அப்படியானால் இரண்டையும் ஒரே பலகையில் சொருகினால்? என்று அவளே கேட்டாள். அப்படியே செய்தார்கள். ஆசிரியர் தினம் இரைச்சல் இல்லாமல் நடந்தது. இப்போது அந்தக் குழுவின் பெட்டி மூடிக்கு உள்பக்கம் மகள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: எதை எந்தப் பிளக்கில் சொருகணும், மூன்று மொழியில். ஆண்டிறுதிப் பரிசளிப்பு விழாவில் அவளுக்குக் கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் மேடையில் பேசிய அத்தனை பேரும் பேசியது அவள் வைத்த மைக்கில். எனக்கு அது போதும்.

படிப்புக்கு வருகிறேன். இதில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய. மலாய் ஓரளவு நன்றாக இருந்ததால், மலாய் போதாத பிள்ளைகள் முதலில் ஓர் ஆண்டு படிக்கும் புதுமுக வகுப்புக்குப் போகத் தேவைப்படவில்லை, நேராகப் படிவம் ஒன்று. ஆனால் ஆறு ஆண்டு அறிவியலையும் கணிதத்தையும் தமிழில் படித்த பிள்ளை, திடீரென்று எல்லாவற்றையும் மலாயில் படிக்க வேண்டும். முதல் அறிவியல் சோதனையில் 38. அழுதாள். தாளை வாங்கிப் பார்த்தால் பாடம் தெரியாமல் இல்லை, சொல் தெரியவில்லை. 'ஜிரிம்' என்றால் பருப்பொருள், 'ஜிசிம்' என்றால் பொருண்மை. இரண்டையும் மாற்றி மாற்றி எழுதி ஏழு மதிப்பெண் போயிருக்கிறது. தமிழில் கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பாள்.

அதன்பிறகு ஒரு நீள நோட்டு வாங்கினோம். பக்கத்துக்கு மூன்று கோடு: தமிழ், மலாய், ஆங்கிலம். உயிரணுச் சுவர், டிண்டிங் செல், செல் வால். பின்னம், பெச்சாஹான், ஃபிராக்‌ஷன். தினமும் பத்துச் சொல், இரவு என் மனைவி கேட்பார். மனைவிக்கு மலாய் அவ்வளவாக வராது, அதனால் பிள்ளையே விளக்க வேண்டியிருந்தது, அது இன்னும் நல்லதாகப் போயிற்று. ஆகஸ்டில் 59. ஆண்டிறுதியில் அறிவியல் 74, கணிதம் 81. வரலாறு இன்னும் சுமார்தான். 'தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் கொஞ்சம் மெதுவாகத்தான் வருவார்கள்' என்று ஓர் ஆசிரியை வகுப்பில் சொன்னாராம். அந்த ஒரு சொல் பிள்ளையை இரண்டு வாரம் உறுத்தியது. பாடம் தெரிவதும் மொழி தெரிவதும் வேறு வேறு என்பது பயிற்சி பெற்ற ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பிள்ளையை எந்த இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பினாலும் சரி, அந்த நோட்டை ஆறாம் ஆண்டு விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.

மதம் பற்றிய பயம் எங்கள் வீட்டிலும் இருந்தது. என் அம்மா கேட்டார், "பிள்ளைய மாத்திட மாட்டாங்களே?" இந்த ஓர் ஆண்டில் யாரும் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை பேசவில்லை. இஸ்லாமியப் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி, எல்லா அரசுப் பள்ளியிலும் உள்ளதுதான். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஒரு கழகம், விருப்பப்பட்டவர்கள் போகலாம். விபூதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தீபாவளிக்கு மண்டப வாசலில் அரிசிக் கோலம் போட்டார்கள். மயிலின் கழுத்துக்கு நீலம் நிரப்பியது தூடோங் (தலை முக்காடு) போட்ட ஒரு பிள்ளையும், அன்றைக்கு பிளாஸ்டர் ஒட்டிய அந்தச் சீனப் பிள்ளையும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு என் மகள் வயர் இழுத்தாள்.

இழந்தது என்றால் தமிழ். இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏப்ரல் மாதம் கடையில் பால் வாங்கிவரச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, மெசேஜ்ல இங்கிலீஷ்லயே அனுப்புங்களேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பள்ளியில் தமிழ் வகுப்பு இருக்கிறது என்று சேர்க்கும்போது சொன்னார்கள். உண்மையில் முந்தைய ஆண்டே நின்றுபோயிருந்தது. ஆசிரியர் மாற்றலாகிப் போனார், அதன்பின் யாரும் கேட்கவில்லை.

1996 கல்விச் சட்டப்படி 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு வைக்க வேண்டும். அந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டு நானும் இன்னொரு பெற்றோரும் வாசலில் நின்றோம். மதியம் இரண்டு மணி வெயில். முதல் வாரம் ஒன்பது கையெழுத்து. ஓர் அண்ணன், "கான்வென்டுக்கு அனுப்பினதே இங்கிலீஷுக்குத்தானே தம்பி" என்றார். நான் விவாதிக்கவில்லை. படிவம் ஐந்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம், இந்தப் பிள்ளைகளுக்கு அதில் நல்ல தேர்ச்சி வரும், படிவம் ஒன்றிலேயே விட்டுவிட்டால் பிறகு பிடிக்க முடியாது என்று மட்டும் சொன்னேன். அடுத்த நாள் அவரே வந்து போட்டார். மொத்தம் 17. அதற்குப் பிறகும் வகுப்பறை இல்லை, புதன்கிழமை புறப்பாட நடவடிக்கையோடு மோதுகிறது என்று இழுத்துக்கொண்டே போனார்கள். வகுப்பு தொடங்கியது ஜூலையில். அதற்குள் பாதி ஆண்டு போய்விட்டது. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் நூலகத்தின் ஒரு மூலையில் ஒன்றரை மணி நேரம் நடக்கிறது. வரும் ஆசிரியை அருமையானவர்.

இளையவள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். அவளையும் அதே கான்வென்டுக்குத்தான் அனுப்பப்போகிறோம். அக்காவின் நோட்டை இப்போதே எடுத்து வைத்துக்கொண்டாள்.

நீங்கள் அனுப்புவதாக இருந்தால், பதிவு நாளன்று கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன் அலுவலகத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: தமிழ் வகுப்பு எந்த நாள், எந்த அறை, ஆசிரியர் யார்? மூன்றுக்கும் பதில் வந்தால் சரி. வராவிட்டால் அன்றைக்கே பக்கத்தில் நிற்கும் பெற்றோரின் போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 2026 பள்ளி ஆண்டு ஜனவரியிலேயே தொடங்கிவிட்டதால் நாங்கள் முதல் வாரமே வாசலுக்குப் போய்விட்டோம். இதை எழுதும்வரை 21 கையெழுத்து. படிவமும் பேனாவும் மோட்டார்க் கூடையிலேயே இருக்கின்றன.