சிப்பாய்க்கு ஒரு டிரங்குப் பெட்டி: டர்பனில் வாங்கி, பத்து மாதம் புழங்கிய பின்

என் பேரன் தென்னாப்பிரிக்கத் தரைப்படையில் கடைநிலைச் சிப்பாய். தோளில் பட்டை எதுவும் இன்னும் ஏறவில்லை. பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களை ஈராண்டுக்குச் சேர்த்துக்கொள்ளும் படைத்திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் நுழைந்து, அடிப்படைப் பயிற்சியை முடித்து, இப்போது ஒரு முகாமில் எட்டுப் பேர் தங்கும் அறையில் இருக்கிறான். முகாமுக்குப் போன முதல் வாரத்தில் தொலைபேசியில் அழைத்தபோது அவன் கேட்டது பணமும் அன்று, ஊறுகாயும் அன்று. “தாத்தா, பூட்டுப் போடுகிற மாதிரி ஒரு பெட்டி வேண்டும்” என்றான். அவனுக்கு ஒதுக்கிய இரும்பு அலமாரியின் கதவு கீல் கழன்று தொங்குகிறது. பழுது பார்க்க எழுதிக் கொடுத்தாயிற்று, ஆள் வரவில்லை. எந்த முகாம் என்பது இங்கே தேவையில்லை.

பெட்டியை டர்பன் நகரில், முன்பு கிரே தெரு என்றும் இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு என்றும் வழங்கும் சாலைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் வாங்கினேன். விலை 850 ரேண்ட். நீளம் 76 செ.மீ., அகலம் 43 செ.மீ., உயரம் 33 செ.மீ.; வெறும் பெட்டி ஏறத்தாழ 8 கிலோ. தகரத்துக்கு நீலப் பவுடர் கோட்டிங், இரு பக்கமும் கைப்பிடி, முன்புறம் ஒரே ஒரு நாதாங்கி. விடுதிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை மனத்தில் வைத்துச் செய்த பெட்டி என்று கடைக்காரரே சொன்னார். பள்ளிப் பிள்ளைக்குப் போதுமானது சிப்பாய்க்கும் போதும் என்று நான் எண்ணியது தவறு. எங்கே தவறு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘ட்ரோமல்’ என்று இந்நாட்டுப் படைவீரர்கள் தலைமுறை தலைமுறையாக அழைத்துவரும் இந்தப் பெட்டி, சிப்பாயின் அன்றாடத்தில் பார்க்கிற வேலைகளைக் கேட்டால் அதன் விலை குறைவு என்றே தோன்றும். விடிவதற்கு முன்பே எழுந்து, முகம் மழித்து, போர்வையின் ஓரம் செங்கல் போல நிற்கும்படி படுக்கையை மடித்து, தரையை மெழுகிட்டுத் துடைத்து, கார்ப்பரல் வந்து பார்வையிடுவதற்குள் அவன் கட்டிலின் முன்னே நேராக நிற்க வேண்டும். அப்போது கட்டில்களின் கால்மாட்டில் இருக்கும் பெட்டிகள் அனைத்தும் நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில் இருக்க வேண்டும். மூடியின் மேல் விரலை ஓட்டினால் தூசு ஒட்டக் கூடாது. பார்வையிடல் முடிந்ததும் அதே பெட்டி நாற்காலியாகிறது, பூட்ஸுக்குப் பாலிஷ் போடும் மேசையாகிறது, ஞாயிறு மாலையில் சீட்டாடும் பலகையாகிறது. அரசாங்கம் கொடுத்த பொருள் தொலைந்தால் தொலைத்தவனே பதில் சொல்ல வேண்டும் என்பதால், இரவில் அது காவல் அறையும் ஆகிறது. எட்டுப் பேர் ஒரே கூரையின் கீழ் உடுத்தி உறங்கும் இடத்தில், ‘என்னுடையது’ என்று ஒருவன் சொல்லிக்கொள்ள இருப்பது இந்தப் பெட்டியின் உட்புறம் மட்டுமே. (படைவீரர்கள் தங்கும் அந்தக் கொட்டகையை இங்கே ‘பங்களா’ என்பார்கள். “பங்களாவில் இருக்கிறேன்” என்று பேரன் சொன்னதும் என் மனைவி, தோட்டம் உண்டா என்று கேட்டாள்.)

1970களின் பிற்பகுதியில் நானும் இப்படி ஒரு பெட்டியோடு வாழ்ந்தவன் என்பதால்தான் இவ்வளவு நீட்டிப் பேசுகிறேன். டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில், இந்திய வம்சாவளியினருக்கென்று வெள்ளையர் அரசு நடத்திய எஸ்.ஏ.எஸ். ஜல்சேனா என்ற கடற்படைப் பயிற்சித் தளத்தில் இருந்தேன். கட்டாயப் படைச்சேவை அந்நாளில் வெள்ளை இளைஞர்களுக்கு மட்டுமே. நாங்கள் விண்ணப்பம் போட்டுச் சேர்ந்தவர்கள், அதற்காக எங்கள் தெருவிலேயே ஏச்சும் வாங்கியவர்கள். அந்தத் தீவில்தான் 1960களில் இந்தியருக்கான பல்கலைக்கழகக் கல்லூரி பழைய கடற்படைக் கொட்டகைகளில் நடந்தது. என் பெட்டி தந்தையார் கொடுத்தது. இப்போதைய பெட்டிகளைவிடத் தடித்த தகரம், மூடியை நிறுத்தச் சங்கிலி, உட்புறம் நான் ஒட்டிய முருகன் படம். அதைச் சோதிக்க வருகிற அதிகாரியின் பதவிப் பெயர் ‘பெட்டி ஆபீசர்’. பெட்டியைச் சோதிப்பதால்தான் அவருக்கு அந்தப் பெயர் என்று நாங்கள் தமிழில் சிரித்துக்கொள்வோம். நல்லவேளையாக அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் முருகன் படத்தைப் பார்த்து எதுவும் சொல்லாமல் மூடியை இறக்கிவிட்டுப் போனார். உப்புக் காற்றில் அந்தப் பெட்டியின் அடிப்பகுதி இரண்டே ஆண்டில் துருவேறியது. ஆனால் பூட்டு மாட்டும் இடம் ஒருநாளும் அசையவில்லை.

புதிய பெட்டியில் அசைந்தது அதுதான். நாதாங்கியை மூன்று சிறு ரிவிட்டுகள் மெல்லிய தகரத்தோடு பிடித்திருந்தன. பின்னால் தாங்கு தகடு எதுவும் இல்லை. நான் வாங்கிக் கொடுத்த பூட்டோ நல்ல கனமானது. நாளுக்குப் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடியதில் ஐந்தாம் மாதமே ரிவிட் துளைகள் அகன்று, பூட்டைத் திறக்காமலே நாதாங்கியை ஆட்டிக் கழற்றிவிடலாம் என்ற நிலை வந்தது. திருட்டு எதுவும் நடக்கவில்லை. எனினும் ஒருநாள் கார்ப்பரல் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்க்க, நாதாங்கி அவர் கையோடு வந்துவிட்டது. பெட்டியைப் பூட்டாமல் வைத்ததற்கு உண்டான தண்டனையே பேரனுக்குக் கிடைத்தது. பூட்டியிருந்தேன் என்று அவன் சொன்னதை அவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

கீலைப் பற்றியும் ஒரு குறை உண்டு. கடையில் நின்று பார்ப்பவருக்கு அது புலப்படாது. வாயில் காவல் முடிந்து நள்ளிரவு இரண்டு மணிக்குத் திரும்புகிறவன், உறங்கும் ஏழு பேரை எழுப்பாமல் பெட்டியைத் திறந்து துண்டை எடுக்க வேண்டும். இந்தப் பெட்டியின் கீல் பூனை கத்துவது போலக் கத்தியது. முதல் வாரத்திலேயே அறைத்தோழர்களிடம் அவன் வாங்கிக் கட்டிக்கொண்டது, கார்ப்பரலிடம் வாங்கியதைவிட அதிகம். வாஸ்லைன் தடவியதும் சத்தம் நின்றது. மாதம் ஒருமுறை தடவி வருகிறான். மூடிக்குச் சங்கிலி இல்லாததால் அது பின்னால் சாய்ந்து கட்டில் கம்பியில் இடித்து, அந்த இடத்தில் பூச்சு உதிர்ந்திருக்கிறது.

உயரத்தில் நடந்த பிழை என்னுடையது. அவனது கட்டிலுக்கு அடியில் 31 செ.மீ. இடம்தான் இருக்கிறது, வாங்குமுன் கேட்டிருக்க வேண்டும். கால்களுக்குக் கட்டை வைத்துக் கட்டிலை உயர்த்தலாம் என்றேன். எட்டுக் கட்டில்களில் ஒன்று மட்டும் உயர்ந்து நிற்பதை எந்தக் கார்ப்பரல் விடுவார் என்று அவன் சிரித்தான். ஆகவே பெட்டி நிரந்தரமாகக் கால்மாட்டிலேயே இருக்கிறது.

நல்லதையும் சொல்ல வேண்டும். பவுடர் கோட்டிங் உண்மையிலேயே உறுதியானது; பத்து மாதத்தில், இடிபட்ட அந்த ஓர் இடம் தவிர வேறெங்கும் துரு இல்லை. மூடியின் விளிம்பு நன்றாகக் கவிந்து உட்காருகிறது: அவன் ஒளித்து வைக்கும் கண்டென்ஸ்டு பால் குழாய்களுக்கும், ஆயா கட்டிக் கொடுக்கும் முறுக்குக்கும் இதுவரை எறும்பு வரவில்லை. இருவர் சேர்ந்து உட்கார்ந்ததில் மூடியில் ஓர் ஒடுக்கு விழுந்தது, உள்ளிருந்து தட்டியதும் நிமிர்ந்துவிட்டது. கைப்பிடிகள், உள்ளே ஒரு பூட்ஸ் ஜோடியும் சீருடைகளும் நிறைந்திருக்க, என்-3 நெடுஞ்சாலை வழியே மினிபஸ் டாக்சியில் ஏற்றி இறக்கியதைத் தாங்கின. டாக்சிக்காரர் பெட்டிக்கும் ஓர் ஆளுக்கான கட்டணம் கேட்டது வேறு கதை.

விடுப்பில் வந்தபோது பெட்டியைச் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பழைய நாதாங்கியை எடுத்துவிட்டு, உட்புறம் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புத் தகடு வைத்து, ரிவிட்டுக்குப் பதிலாக நான்கு போல்ட்டுகளை வாஷரோடு முடுக்கி, மூடிக்கு ஒரு சங்கிலியும் பொருத்தினார்கள். கூலி 180 ரேண்ட். இதே வகைப் பெட்டியை வாங்குகிறவர்கள் கடையிலிருந்து நேரே பட்டறைக்குப் போய்விட்டு, பிறகு பெட்டியை முகாமுக்கு அனுப்புவது நல்லது. அந்தச் செலவையும் சேர்த்து 1,030 ரேண்டுக்கு இதைவிட மேலான பெட்டியை நகரில் நான் பார்க்கவில்லை. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன். கடைக்காரர் நாதாங்கியை மாற்றினால் நாலரை.

அறைத்தோழர்கள் இருவர் இதே பெட்டி வேண்டும் என்று சொல்லி அனுப்பியதால் சென்ற வாரம் மறுபடி போனேன். நீலம் தீர்ந்துவிட்டது; கறுப்பும் பச்சையும் இருக்கின்றன. உயரம் 28 செ.மீ. உள்ள தாழ்ந்த பெட்டி புதிதாக வந்திருக்கிறது, 720 ரேண்ட். இந்த முறை அளவு நாடாவை எடுத்துப் போயிருந்தேன்.