பழைய பட்டுச்சேலைக் கடைக்கு வாட்ஸ்அப் பிசினஸ் போதுமா?
கோவை, ஈரோடு பக்கம் பழைய பட்டுச்சேலையை உடையவரிடமிருந்து பெற்று வைத்து, விற்ற பிறகு அவருக்குப் பங்கு கொடுக்கும் கடைகளுக்கு, இலவச வாட்ஸ்அப் பிசினஸ் போதும். கேட்டலாக்கில், அதாவது ஆப்பில் பொருளைப் படத்தோடு காட்டும் பட்டியலில், 500 பொருள் வரை ஏற்றலாம். ஆனால் இங்கே ஒவ்வொரு சேலையும் ஒன்றே ஒன்றுதான். இருப்பை ஆப் தானாகக் குறைக்காது. விற்ற அன்றே கையால் மறைக்காவிட்டால், சத்தியமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்ப உதவும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். அதிலும் கடை எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். பதிலே வராததற்கு இதுவும் ஒரு காரணம். பில் போடும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். ஆவணி முகூர்த்தச் சேலைகளை ஆடியிலேயே அனுப்புங்கள், பிளவுஸ் தைக்க நாள் வேண்டுமே.

வாடிக்கையாளர்களை வகை பிரித்துக் குறிக்கும் லேபிள்தான் உண்மையான பலம். சேலை கொடுத்தவரையும் வாங்குபவரையும் ஒரே பட்டியலில் போட்டால், விலைக்குறைப்புச் செய்தி கொடுத்தவருக்கும் போய்ச் சண்டையாகும். கொடுத்தவருக்கு மூன்று செய்தி கட்டாயம்: சேலையைப் பெற்ற அன்று படத்தோடு விலையும் பங்கும், குறைக்கும் முன் சம்மதம் கேட்டு ஒன்று, விற்றதும் தொகை.

படத்தில் முந்தானை, பார்டர், கறை எல்லாம் பகல் வெளிச்சத்தில் தெரியட்டும். பங்குக் கணக்குக்கு இந்த ஆப் உதவாது. தனி நோட்டு வேண்டும்.