கரண்ட் கட்டுக்கு தாங்குது லிப்ரேஎலெக், தாராளமா மாறலாம்

ராஸ்பெர்ரி பை 4-ன்ற குட்டி கம்ப்யூட்டரை டிவில மாட்டி, முழு லினக்ஸ் ஒண்ணு போட்டு அதுமேல கோடி (Kodi) ன்ற படம் பாக்கற சாஃப்ட்வேரை ஓட்டிக்கினு இருந்தேன், இப்போ அதை அழிச்சிட்டு, கோடிக்குன்னே செஞ்ச சின்ன லினக்ஸ் ஓஎஸ் லிப்ரேஎலெக் (LibreELEC) 12 போட்டாச்சு, கோடி 21 அதுலயே சேர்ந்து வருது. பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான், அப்பறம் இன்னாத்துக்கு மாத்தணும்னு கேட்டா, கரண்ட் கட்டுக்காகத்தான்.

வேலூர் சத்துவாச்சாரி பக்கம் வெயில் காலத்துல கரண்ட் சொல்லாம கொள்ளாம போவும், வந்த வேகத்துல மறுபடி போவும். சாதாரண லினக்ஸ் லாக் (நடக்கறதை குறிச்சி வைக்கற ஃபைல்) அது இதுன்னு மெமரி கார்டுல எதையாவது எழுதிக்கினே இருக்கும், எழுதற நேரத்துல கரண்ட் போனா ஃபைல் கெட்டுப்போற வாய்ப்பு ஜாஸ்தி, அப்பால டிவில கறுப்பு ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்தா ஓடும், வீட்ல இருக்கறவங்க ஆபீஸுக்கு போன் போடுவாங்க. லிப்ரேஎலெக்ல மொத்த சிஸ்டமும் சுருக்கி வச்ச ஒரே ஃபைல், ஓடும்போது அதை படிக்க மட்டும்தான் செய்யும், அதுமேல எழுதவே எழுதாது. நம்ம செட்டிங், லைப்ரரி, ஆட்-ஆன் எல்லாம் ஸ்டோரேஜ்னு தனி பார்ட்டிஷன்ல கிடக்கும். அந்த பார்ட்டிஷன் கெடவே கெடாதுன்னு சொல்லமாட்டேன், அதுக்குதான் செட்டிங்லயே பேக்கப் பட்டன் இருக்கு, எடுத்து ஹார்ட் டிஸ்க்ல ஒரு காப்பி போட்டு வச்சிடுங்க. இந்த சம்மர்ல எவ்ளோ வாட்டி கரண்ட் போயும் பாக்ஸ் தானா எழுந்து ஹோம் ஸ்கிரீனுக்கு வந்துடுது, எனக்கு இதுவே பெரிய நிம்மதி.

இது 2016-ல ஓப்பன்எலெக்னு இதே மாதிரி ஒரு ஓஎஸ்ல இருந்து பிரிஞ்சு வந்தது, கோடிக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ ஓஎஸ் போதும்னு ஆரம்பிச்சவங்க. அதனாலயே சாஃப்ட்வேர் இறக்கற ஏப்ட்-கெட் கமாண்ட் கிடையாது, நினைச்ச சாஃப்ட்வேரை இறக்க முடியாது. வேற சாஃப்ட்வேரை தனி டப்பா மாதிரி வச்சு ஓட்டற டாக்கர் ஆட்-ஆன் இருக்கு, ஆனா அதே பாக்ஸ்ல நாலு வேலை ஓட்டறவங்க பழைய லினக்ஸ்லயே இருக்கறது நல்லது. நெட்ஃபிளிக்ஸ் 4கே-ல பாக்கணும்னு நினைக்கறவங்களுக்கும் இது ஒத்துவராது.

மாறும்போது ஒண்ணு கவனிங்க. பழைய சிஸ்டத்துல ஹார்ட் டிஸ்க் மாட்டிக்கற ஃபோல்டர் வேற, இங்க வேற, அதனால கோடியோட பழைய டேட்டாபேஸை (படங்களோட லிஸ்ட்) அப்படியே தூக்கி போட்டா எந்த படமும் ஓடாது. முதல்லயே கோடில லைப்ரரி எக்ஸ்போர்ட் போய் தனித்தனி ஃபைலா எடுத்துக்கங்க, ஒவ்வொரு படத்து பக்கத்துலயும் அந்த படத்து விவரம் எழுதின ஒரு என்எஃப்ஓ ஃபைல் உக்காந்துடும், புதுசுல ஸ்கேன் பண்ணா எது பாத்தது எது பாக்காததுன்னு உட்பட வந்துடும்.

எங்க நைனாவுக்கு தனி ரிமோட்டே தேவைப்படல, டிவி ரிமோட்லயே எல்லாம் நடக்குது, டிவி ரிமோட் பட்டனை எச்டிஎம்ஐ ஒயர் வழியா பாக்ஸுக்கு அனுப்பற எச்டிஎம்ஐ சிஇசி தான் காரணம். டிவி செட்டிங்ல அதை ஆன் பண்ணணும், சாம்சங்ல அனிநெட் பிளஸ்னு இருக்கும், எல்ஜில சிம்ப்லிங்க்னு இருக்கும். பை 4-ல ரெண்டு எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கு, பவர் ஒயருக்கு பக்கத்துல இருக்கறதுல மாட்டுங்க. அவரு தினம் பாக்கறது எங்க அக்கா கல்யாண டிவிடிதான், காப்பி பண்ணி வச்சிருக்கேன், அது எம்பெக்-2, டிவிடில வர்ற வீடியோ ஃபார்மட். பை 3 வரைக்கும் அந்த வீடியோவை பிரிச்சு காட்டற டீகோடரை ஹார்ட்வேர்ல ஓட்ட தனியா காசு கட்டி லைசென்ஸ் கீ வாங்கணும், பை 4-ல பிராசஸரே இழுத்துடுது, ஒரு இடத்துல கூட திக்கல.

காட்பாடி ஆனாலும் ராணிப்பேட்டை ஆனாலும் மே மாச சூடு நமக்கு தெரியும், பை 80 டிகிரி தொட்டா தானா வேகத்தை குறைச்சிக்கும், அலுமினிய கேஸ் ஒண்ணு கண்டிப்பா போடுங்க. சார்ஜர் 5.1 வோல்ட் 3 ஆம்பியர்தான், பழைய செல்போன் சார்ஜர்ல ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து இழுக்க விடாதீங்க, பெரிய டிஸ்க்னா தனியா பவர் உள்ள யுஎஸ்பி ஹப் வாங்கிடுங்க. ரேம் 2 ஜிபி மாடலே தாராளம்.