பழைய ரயில் தடத்துக்கு எந்த ஸ்கீ: மெழுகா, ஸ்கின்னா, செதிலா?

தண்டவாளம் அகற்றப்பட்டுக் கைவிடப்பட்ட ரயில் தடங்களில் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் (கால்களில் நீண்ட பலகைகளைப் பூட்டிப் பனியில் உந்தி வழுக்கிச் செல்வது) செய்வதற்கென்று ஒரு ஜோடிப் பலகை வாங்கப் போகிறவர் முன்னால் மூன்று வகைகள் நிற்கும். மூன்றும் தீர்க்க முயல்வது ஒரே சிக்கலைத்தான்: காலை ஊன்றி உந்தும்போது பலகையின் நடுப்பகுதி பனியைப் பற்ற வேண்டும், ஊன்றிய கால் எடுபட்டதும் அது தடையின்றி வழுக்க வேண்டும். மெழுகு வகையில் அன்றைய பனிக்கு ஏற்ற பிடிமெழுகை நாமே தடவிக்கொள்கிறோம். செதில் வகையில் அடிப்பரப்பிலேயே வரிகள் செதுக்கப்பட்டிருக்கும். ஸ்கின் வகையில் மோஹேர் எனப்படும் அங்கோரா ஆட்டு ரோமத்தாலான பட்டை ஒன்று நடுவில் ஒட்டப்பட்டிருக்கும். நான் செதில் வகையைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தி வருகிறவன் என்பதால், என் தராசு அந்தப் பக்கமே சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அகலம், உலோக விளிம்பு ஆகியவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. ரயில் எஞ்சின் இழுக்க வேண்டும் என்பதற்காக அமைக்கப்பட்ட தடம் என்பதால், பெரும்பாலான இடங்களில் ஏற்றம் நூற்றுக்கு இரண்டைத் தாண்டுவதில்லை, வளைவுகளும் விரிந்தவை. செங்குத்தான இறக்கமே இல்லாத பாதையில் உலோக விளிம்பு வீண் சுமை. இயந்திரம் கொண்டு இரு பலகைகளுக்கும் இரட்டைப் பள்ளம் பதிக்கும் பாதையானால் அந்தப் பள்ளத்துக்குள் அடங்கும் மெல்லிய பலகை போதும். ஸ்னோமொபைல்கள் எனப்படும் பனி மோட்டார் வண்டிகள் மட்டும் அமுக்கிவிட்டுப் போகும் பாதையானால் சற்று அகலமானது நிலையாக நிற்கும்.

முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று. ரயில் தடத்தில் சரிவு மாறுவதில்லை, பனிதான் மாறுகிறது. தடத்தைச் சமமாக வைத்திருப்பதற்காகக் குன்று வந்த இடத்தில் பாறையை வெட்டியும், பள்ளம் வந்த இடத்தில் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பியும் சென்றிருக்கிறார்கள். வெயில் எட்டாத வெட்டுப்பாதையில் பனி உலர்ந்து தூளாகவே கிடக்கும். அதைக் கடந்து கரைமேட்டின் மேல் ஏறியதும், காற்று அரித்து, வெயில் இளக்கி, இரவில் மீண்டும் இறுகிய கண்ணாடிப் பரப்பு காத்திருக்கும். பாலத்தில் மரப்பலகைகளின் மேல் மெல்லிய பனி, சாலை குறுக்கிடும் இடத்தில் உப்பும் மணலும் கலந்த சேறு, அதைத் தாண்டினால் மறுபடியும் தூள்பனி. ஒரே காலைப்பொழுதில் இத்தனையும் பலமுறை வந்து போகும்.

மெழுகு தோற்பது இங்கேதான். பிடிமெழுகு பனியின் வெப்பநிலையையும் வயதையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படுவது; குளிர்ந்த புதுப்பனிக்குக் கடினமானது, இளகிய பனிக்கு மென்மையானது, உருகி உறைந்த பனிக்கட்டிக்குக் கிளிஸ்டர் என்னும் பிசின் போன்ற மெழுகு. கிளிஸ்டர் பூசிய பலகையோடு நிழலிலுள்ள தூள்பனிக்குள் நுழைந்தால் பனி அடியில் கட்டிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். கடின மெழுகோடு கரைமேட்டுக்கு வந்தால் உந்தல் ஒவ்வொன்றும் பின்னுக்கு வழுக்கும். அதிலும் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும் நாளில் எந்த மெழுகும் வெகுநேரம் ஒத்துழைக்காது. வட்டப்பாதையில் செல்கிறவர் தொடங்கிய இடத்துக்கு விரைவில் திரும்பி மெழுகை மாற்றிக்கொள்ளலாம். ரயில் தடமோ நேராகப் போய்க்கொண்டே இருக்கும்; நடுவழியில் கையுறையைக் கழற்றி, சுரண்டியால் வழித்து, வேறு மெழுகைத் தேய்ப்பதைத் தவிர வழியில்லை.

செதிலுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது, குறிப்பாகப் பூஜ்ஜியத்தை ஒட்டிய ஈரப்பனியில் அதன் பிடி நம்பகமானது. குறைகளும் உண்டு. இறுகிய தடத்தில் வேகமெடுத்தால் அடியில் ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். செதில்கள் பனியை உரசி வேகத்தைத் தின்பதன் ஓசை அது. வெறும் பனிக்கட்டியில் பிடியும் தளரும். ஆனால் தடம் தட்டையானது என்பதால் அப்போது இரண்டு கோல்களையும் ஒருசேர ஊன்றித் தள்ளிக்கொண்டே போய்விடலாம். மலைப்பாதையில் இந்த வசதி இருக்காது. பராமரிப்பும் எளிது: முனையிலும் வாலிலும் வழுக்குமெழுகு, செதிலில் பனி ஒட்டாதிருக்கத் திரவமெழுகு. பனி மெலிந்த இடத்தில் அடியிலுள்ள ஜல்லி ஒன்றிரண்டு செதிலின் நுனியைச் சிதைத்தாலும் மற்றவை வேலை செய்துகொண்டிருக்கும்.

ஸ்கின் வகையை இரவல் வாங்கிச் சிறிது காலமே பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால் அதன் ஆயுளைப் பற்றி உறுதியாகப் பேசமாட்டேன். ஓசையற்றது, செதிலை விட இனிமையாக வழுக்குகிறது, பனிக்கட்டியிலும் பற்றுகிறது. ஆயினும் ரோமம் அழுக்கை விரும்பி வாங்கிக்கொள்ளும். ஊசியிலைத் துணுக்கு, சாலை மணல், ஸ்னோமொபைல் விட்டுச்சென்ற எண்ணெய்ப் பிசுக்கு ஆகிய மூன்றும் ரயில் தடத்தில் தாராளமாகக் கிடைப்பவை. ஈரச்சேற்றைத் தாண்டி உடனே குளிர்ந்த வெட்டுப்பாதைக்குள் போனால் ரோமத்தில் ஏறிய நீர் உறைந்து, பலகை தரையோடு ஒட்டியதுபோல் நிற்கும். பட்டை தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பது பல தயாரிப்புகளில் உண்மையே. மாற்றும் செலவு யாருக்குக் கட்டுப்படியாகும் என்பது அவரவர் கணக்கு.

எல்லாத் தடமும் ஒன்றல்ல. கனடாவில் கியூபெக்கின் லெ பெத்தி த்ரேன் டு நோர் தடத்தின் தெற்குப் பகுதியிலும், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மில்வாக்கி ரோடு என்னும் ரயில் நிறுவனத்தின் பழைய தடத்தின் ஹயாக் பகுதியிலும் ஸ்கீக்காரர்களுக்கென்றே பனி சீர்செய்யப்படுகிறது. அத்தகைய இடத்தில், நிலையான உலர்குளிர் உள்ள நாட்களில், மெழுகு வகையின் வேகத்துக்கு மற்ற இரண்டும் ஈடாகாது. 1967இல் பொதுமக்களுக்கான பாதையாகத் திறக்கப்பட்ட விஸ்கான்சினின் எல்ராய்-ஸ்பார்ட்டா போன்ற பாதைகளோ குளிர்காலத்தில் ஸ்னோமொபைல்களின் ராஜ்யம். அங்கே செதிலைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வகையானாலும், நீளத்தைவிட, பலகையின் நடுப்பகுதி மேலெழும்பி நிற்கும் வளைவு உடல் எடைக்கேற்றதாக இருப்பதே முக்கியம். சமதரையில் இரு பலகைகள் மீதும் நின்றால் காலடியில் வைத்த காகிதம் எளிதாக நகர வேண்டும். முழு எடையையும் ஒரு பலகைக்கு மாற்றினால் அதன் அடியிலுள்ள காகிதம் அசையக் கூடாது. நிற்கும்போதே காகிதம் சிக்கிக்கொள்ளும் ஜோடியை வாங்கினால், தட்டையான தடத்தில் செதில் ஓயாமல் உரசிக்கொண்டே வரும்.