ஜிபி கடிதம் வேண்டாம், கட்டணம் இல்லை: என்எச்எஸ் டாக்கிங் தெரபீஸ் சேவை எப்படி?

மனச்சோர்வுக்கும் பதட்டத்துக்கும் இங்கிலாந்தில் அரசின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ் நடத்தும் பேச்சுச் சிகிச்சைச் சேவை இது. 2023 வரை ஐஏபிடி என்று பெயர். இன்னும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இந்த ஏற்பாடு கிடையாது. 18 வயது நிரம்பி, இங்கிலாந்தில் ஒரு ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) பதிந்திருந்தால் போதும், நீங்களே பெயர் கொடுக்கலாம். ஓயாத கவலை, திடீர்ப் பீதி, எழுந்து நடமாடவே மனம் வராத சோர்வு, விபத்துக்கோ போருக்கோ பிறகு விடாமல் துரத்தும் நினைவுகள் ஆகியவற்றுக்கு இவ்வளவு எளிதாக எட்டக்கூடிய தரமான சிகிச்சை அங்கே வேறில்லை. விதிகளைத் தெரிந்துகொண்டு போனால் பலன் கூடும். தெரியாமல் போகிறவர்கள் இரண்டாம் சந்திப்புக்கு முன்பே நின்றுவிடக்கூடும்.

இந்தச் சேவைக்கு வித்திட்டவர் ஒரு பொருளாதார அறிஞர். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சேர்ந்த ரிச்சர்ட் லேயார்ட் வேலையின்மை குறித்து நெடுங்காலம் ஆய்ந்தவர். 2006இல் அவர் குழு வெளியிட்ட அறிக்கை ஒரு கணக்கை முன்வைத்தது. மனநோயால் வேலைக்குப் போக இயலாமல் உதவித்தொகை பெறுவோர் பத்து லட்சத்துக்கும் மேல். வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்குவோரைவிட அவர்கள் அதிகம். ஒருவருக்கு முழுச் சிகிச்சை தர ஏறத்தாழ 750 பவுண்டு ஆகும். அவர் ஒரு மாதம் வேலையில்லாமல் இருந்தாலே உதவித்தொகையிலும் வராத வரியிலும் அரசுக்கு அதே தொகை போய்விடும். ஆகவே சிகிச்சை தன் செலவைத் தானே ஈட்டிவிடும் என்றார். எந்தச் சிகிச்சையை, எப்படித் தருவது என்று வகுத்தவர் உளவியலாளர் டேவிட் கிளார்க். 2006இல் டான்காஸ்டரிலும் கிழக்கு லண்டனின் நியூஹாமிலும் முன்னோட்டம் நடந்தது. 2008இல் நாடெங்கும் விரியத் தொடங்கியது.

நியூஹாம் முன்னோட்டத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். ஈஸ்ட் ஹாம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது; தமிழர்கள் நிறைந்த பகுதி. ஜிபி அனுப்பாமல் தாமாகவே வந்து பெயர் கொடுக்க அங்கே அனுமதித்தார்கள். அப்படி வந்தவர்களின் நோய், ஜிபி அனுப்பியவர்களின் நோய்க்குக் கடுமையில் குறைந்ததாக இல்லை. இன்னும் நீண்ட காலமாக அவதிப்பட்டவர்களாகவே இருந்தார்கள். அந்த வட்டாரத்தின் சிறுபான்மை இனத்தவரும் தம் மக்கள்தொகைக்கு நெருக்கமான விகிதத்தில் வந்தார்கள். ஜிபி முன்னால் உட்கார்ந்து மனசைப் பற்றிப் பேசத் தயங்கியவர்களுக்குக் கதவு திறந்தது. இன்றைய சேவையின் மிகச் சிறந்த அம்சமாக நாங்கள் கருதுவதும் இதைத்தான்.

இனி நடைமுறை. என்எச்எஸ் இணையதளத்தில் உங்கள் ஜிபி பெயரையோ அஞ்சல் குறியீட்டையோ இட்டால் உங்கள் பகுதிச் சேவை தெரியும். படிவம் நிரப்பியதும் மதிப்பீட்டு அழைப்பு வரும், பெரும்பாலும் தொலைபேசியில், அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை. எண் தெரியாத அழைப்பாக வரக்கூடும். எடுக்காமல் விட்டால் சில சேவைகள் ஓரிரு முயற்சியோடு கோப்பை மூடிவிடும். அழைக்க ஏற்ற நேரத்தையும் குறுஞ்செய்தி அனுப்பலாமா என்பதையும் படிவத்திலேயே எழுதுங்கள்.

மதிப்பீட்டுக்கு முன் இரண்டு வினாத்தாள்கள் வரும். பிஎச்கியூ-9 மனச்சோர்வுக்கு: ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. ஜிஏடி-7 பதட்டத்துக்கு: ஏழு கேள்வி, மொத்தம் 21. முன்னதில் 10, பின்னதில் 8 என்பதுதான் எல்லைக்கோடு. ஒவ்வொரு சந்திப்புக்கும் இதை மறுபடி நிரப்ப வேண்டும். சலிப்பாக இருந்தாலும் தவிர்க்காதீர்கள், சிகிச்சை பலிக்கிறதா என்று காட்டும் முக்கிய அளவுகோல் அதுதான். கடந்த இரண்டு வாரத்தை மட்டும் நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். நம்மவர்கள் பலர் ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்று 0 அல்லது 1 போட்டுவிட்டு, தூக்கமின்மைக்கும் உடம்பு அசதிக்கும் மட்டும் 3 போடுவார்கள். மொத்தம் எல்லைக்கோட்டுக்குக் கீழே நின்றால் ‘சிகிச்சை தேவையில்லை’ என்று முடிவாகிவிடலாம். ஒன்பதாம் கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு உண்மையான பதில் சொல்ல அஞ்ச வேண்டாம். அதை வைத்துப் பாதுகாப்பு பற்றி மேலும் கேட்பார்கள், திட்டமும் போட்டுத் தருவார்கள். உடனடி ஆபத்து என்றால் இந்தச் சேவைக்குக் காத்திருக்கக் கூடாது. 111ஐ அழைத்து மனநலத் தெரிவை எடுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 999.

சிகிச்சை படிப்படியானது. முதல் படி ஜிபியின் கவனிப்பு. இந்தச் சேவையில் பெரும்பாலோருக்குத் தொடக்கம் இரண்டாம் படி: பயிற்சி பெற்ற நலப் பணியாளர் ஒருவர் ஏறத்தாழ அரைமணி வீதம் ஆறு சந்திப்பு வரை வழிகாட்ட, நீங்களே பயிற்சிகளைச் செய்வது. கைவிட்ட வேலைகளைச் சிறிது சிறிதாகத் திரும்பத் தொடங்குவது, கவலைக்கென ஒரு நேரம் ஒதுக்குவது, பயப்படும் இடங்களுக்குப் படிப்படியாகப் போவது போன்றவை. சிலருக்கு இணையத் திட்டமாகவே தருவார்கள். சந்திப்புகளுக்கு நடுவே வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் இது பலிக்காது, ஏனென்றால் இதில் சிகிச்சையே வீட்டுப்பாடம்தான். அதில் குணமாகாவிட்டாலோ நோய் கடுமையாக இருந்தாலோ மூன்றாம் படி: அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மனச்சோர்வுக்கான ஆலோசனை, உறவுமுறைச் சிகிச்சை, அதிர்ச்சி நினைவுகளுக்கான சிகிச்சை. வழிகாட்டு நெறிகள் சில நோய்களுக்கு 12 முதல் 20 சந்திப்பு வரை சொல்கின்றன. நடைமுறையில் சராசரி எட்டை ஒட்டியே நிற்கிறது. முதல் சந்திப்பிலேயே ‘எத்தனை சந்திப்பு தருவீர்கள், தேவைப்பட்டால் கூட்டுவீர்களா’ என்று கேளுங்கள்.

போர்க்கால நினைவுகளோடு வாழும் ஈழத்தமிழர்களுக்கு ஒரு குறிப்பு. இப்படி விடாமல் துரத்தும் நினைவுகளால் வரும் மனவடுக் கோளாற்றை (பிடிஎஸ்டி) ஜிஏடி-7 சரியாக அளக்காது. அதற்கென்றே 20 கேள்வி கொண்ட பிசிஎல்-5 இருக்கிறது. அது கொடுக்கப்படவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். பொதுவான பதட்டம் என்று கோப்பில் பதிந்தால் சிகிச்சையும் அதற்கேற்றதாகவே அமைந்துவிடும்.

காத்திருப்பில்தான் இந்தச் சேவை பலரை இழக்கிறது. நான்கில் மூவருக்கு ஆறு வாரத்துக்குள்ளும், நூற்றில் 95 பேருக்கு 18 வாரத்துக்குள்ளும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு. இந்த இலக்கு முதல் சந்திப்போடு முடிந்துவிடுகிறது. முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையே 90 நாளுக்கு மேல் காத்திருப்பவர்கள் நிறைய. அந்த இடைவெளியில்தான் பலர் மனம் விட்டுப் போகிறார்கள். 2022–23இல் ஏறத்தாழ 17.6 லட்சம் பேர் பெயர் கொடுத்து, 12.2 லட்சம் பேர் தொடங்கி, 6.7 லட்சம் பேர் முடித்தார்கள். முடித்தவர் என்ற கணக்கில் வர இரண்டு சந்திப்பாவது நடந்திருக்க வேண்டும். அவர்களில் சுமார் பாதிப்பேர் குணமானதாகப் பதிவு. ‘இருவரில் ஒருவர் குணமடைகிறார்’ என்பது முடித்தவர்களைப் பற்றிய கணக்கு. பெயர் கொடுத்த எல்லோரையும் பற்றியது அல்ல.

‘குணம்’ என்ற சொல்லிலும் சிக்கல் இருந்தது. பிஎச்கியூவில் 10 எடுத்தவர் 9க்கு இறங்கினால் குணம். 27இலிருந்து 12க்கு வந்தவர் குணமாகவில்லை. ஆனால் யாருடைய வாழ்க்கை அதிகம் மாறியது? அதனால்தான் குறைந்தது 6 புள்ளி (ஜிஏடி-7இல் 4) இறங்கினால் மட்டுமே மெய்யான முன்னேற்றம் என்று தனியே எண்ணுகிறார்கள். 2024–25 முதல் தேசிய இலக்கும் அதற்கு மாறியது. அந்த ஆண்டு இலக்கு: மெய்யான முன்னேற்றம் 67%, மெய்யான குணம் (அவ்வளவு புள்ளி இறங்கியதோடு எல்லைக்கோட்டுக்குக் கீழேயும் வருவது) 48%. நல்ல மாற்றம்.

லேயார்டின் கணக்கு பலித்ததா? இங்கிலாந்தின் எண்களில் சிகிச்சை பெறாதோரோடு ஒப்பீடு இல்லை. தானாகவே தேறியவர்களும் அதில் கலந்திருப்பார்கள். இதே மாதிரியில் நார்வே தொடங்கிய சேவையில் குலுக்கல் முறைச் சோதனை நடந்தது: ஆறு மாதத்தில் இந்தச் சேவை பெற்றவர்களில் 58.5% பேரும் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 31.9% பேரும் தேறினார்கள். ஆகச் சிகிச்சை வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. சம்பளமும் வேலையும் கூடுகின்றனவா என்று இங்கிலாந்தின் புள்ளிவிவர அலுவலகம் பார்த்தபோது உயர்வு தெரிந்தது. ஆனால் சராசரி சிறியது, அதிகபட்சம் மாதம் 17 பவுண்டு. துன்பம் தணிவதே போதுமான காரணம் என்பது எங்கள் கருத்து. வேலை தேடுகிறவர்கள் சேவைக்குள்ளேயே இருக்கும் வேலைவாய்ப்பு ஆலோசகரைத் தவறாமல் கேளுங்கள்.

மொழி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர் இலவசம், படிவத்திலேயே ‘தமிழ்’ என்று எழுதி, இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா, ஆணா பெண்ணா என்பதையும் குறிப்பிடுங்கள். கணவரையோ பிள்ளைகளையோ மொழிபெயர்க்க வைக்க வேண்டாம், அவர்கள் முன்னால் சொல்ல முடியாததே பல நேரம் சிகிச்சைக்கு முக்கியமானது. ஊர்க்காரர் காதுக்குப் போகுமோ என்ற பயமிருந்தால் வேறு ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மொழிபெயர்ப்போடு பேசினால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஐம்பது நிமிடச் சந்திப்பில் இருபத்தைந்து நிமிட வேலைதான் நடக்கும். ஆகவே நீண்ட சந்திப்பையோ கூடுதல் சந்திப்புகளையோ முன்கூட்டியே கேளுங்கள்.

வர முடியாவிட்டால் ஒரு நாள் முன்பாவது சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஒன்றிரண்டு சந்திப்பைத் தவறவிட்டால் பல சேவைகள் உங்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். கடைசிச் சந்திப்பில், நோய் மறுபடி தலைகாட்டினால் என்ன செய்வது என்ற திட்டத்தை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் முதல், கடைசி மதிப்பெண்களையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் தேவைப்பட்டால் அதே படிவத்தை நிரப்பித் திரும்ப வரலாம். அப்போது முன்பு எது பலித்தது என்று சொல்ல அந்தத் தாள் உதவும்.